நல்ல பிரதி

பக்கத்துக்குக் காலணா.
துரையின் கோணல் எழுத்தை நேராக்குவது என் வேலை.
கருத்தை நேராக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

பெல்லமி துரை பதினோரு வருஷம்
அமாய் துறைமுகத்தில் வேதம் சொன்னவர்.
நெஞ்சில் சளி கட்டி, கப்பலேறி,
சூரமங்கலத்தில் ரயிலை விட்டிறங்கி,
எட்டுப் பேர் தோளில் டோலியாக
ஏற்காடு வந்து சேர்ந்தார்.
இருமலுக்கு நடுவே இப்போது
சீனத்தாரின் அன்றாடத்தைப் புத்தகமாக்குகிறார்.

நான் கண்ட சீனம் ஒன்றே ஒன்று:
துரைசானி கொண்டுவந்த பீங்கான் கோப்பை.
அதில் நீல ஆள் ஒருவன்
நீலப் பாலத்தில் பாதி தூரம் வந்து
நின்றுவிட்டான்.

ஏழாம் பக்கம்.
'சீனத்தானுக்கு நேரம் என்பது தெரியாது.
நாளை என்று அவன் சொன்னால்
அதில் நாளும் இல்லை, கிழமையும் இல்லை.'
முதலெழுத்தைச் சற்றுப் பெரிதாக்கி எழுதினேன்.
வெளியே பனியில் குந்தியிருந்தார்கள்
கூலி பாக்கியுள்ள டோலிக்காரர் எட்டுப் பேர்,
'நாளை வா' என்ற பதிலை
மூன்று நாளாக வாங்கிப் போகிறவர்கள்.

பதினெட்டு.
'எழுத்துள்ள காகிதம் காலில் படவிடமாட்டார்கள்.
பொறுக்கியெடுத்து மரியாதையாய் எரிக்கிறார்கள்.
மசியைக் கும்பிடும் மூடர்.'
சன்னல் காற்றில் அந்தத் தாளே பறந்து
என் பாதத்தடியில் விழுந்தது.
எடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.
ஞானஸ்நானம் பெற்று இருபது வருஷம்;
கைக்கு இன்னும் சேதி போகவில்லை.
துரைசானி பார்த்தாள்.
கம்பளி பின்னுவதை நிறுத்தவில்லை.

'என் கோட்டு என்ன விலை, சம்பளம் எவ்வளவு,
பிள்ளை ஏன் இல்லை என்றெல்லாம்
முன்பின் தெரியாதவர் கேட்கிறார்கள்.'
இதற்குச் சிரித்துவிட்டேன்.
செவ்வாய்ப்பேட்டைச் சந்தையில்
ஒரு படி உப்பு அளப்பதற்குள்
என் மாமனார் சொத்துக் கணக்கையே
கேட்டு முடித்துவிடுவார்கள்.

பிறகு முப்பத்தொன்று.
'எதிர்ப்பட்டால் சுகமா என்று கேட்பதில்லை.
சோறு உண்டாயா என்கிறார்கள்.
வயிற்றுக்கு மேலே அவர்களுக்கு
வாசலே இல்லை.'

இறகு நின்றது. மசி சொட்டிப் பொட்டானது.

தாது வருஷத்தில், துரை,
செவ்வாய்ப்பேட்டையில் அந்தக் கேள்வியை
ஒருவரும் ஒருவரைக் கேட்கவில்லை.
திருமணிமுத்தாற்று மணலில்
எதிரே ஆள் வந்தால் முகத்தைத் திருப்பினோம்.
கேட்டால் கொடுக்க வேண்டும்.
கஞ்சித் தொட்டிக்கு நடந்த என் தங்கை நேசம்மாள்
குகைத் தெரு முனையில் உட்கார்ந்தாள்.
தாண்டிப் போன எத்தனை வாயிலும்
அந்த ஒரு சொல் வரவில்லை.
முந்தின நாள்
என் வாயிலும்.

பொட்டு விழுந்த தாளை மடித்து
கணப்பில் வைத்தேன், அது எரிந்து முடியும்வரை நின்றேன்.
புதுத் தாளில், துரையின் வாக்கியத்துக்குக் கீழே,
துரையின் நடையிலேயே ஒரு வரி சேர்த்தேன்:
'பஞ்சத்தில் மட்டும் அதைக் கேட்கமாட்டார்கள்.'

சாயங்காலம் கண்ணாடி மாட்டிச் சரிபார்த்தார்.
அந்த வரியில் விரல் நின்றது.
வேலை போயிற்று என்று நினைத்தேன்.
'ஆமாம்,' என்றார், 'ஞாபகம் வருகிறது.
ஒரு ஆற்றங்கரை.
முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.'
முகத்தைப் பற்றி நான் எழுதவே இல்லை.

மேல்வரியை அவர் அடிக்கவும் இல்லை.
வாசல் இல்லாத வயிறும், கேட்காத வாயும்
ஒரே பக்கத்தில் அச்சுக்குப் போகும்.
இருமினார். காசை எண்ணி வைத்தார்.
உள்ளே போய்விட்டார்.

மேசையில் கோப்பை, அடியில் தேயிலைக் கறை.
சற்றே திருப்பினேன்.
பாலத்து ஆள் என் பக்கம் வந்தான்.
சாப்பிட்டாயா என்றேன்.
கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டேன் போல.

'இன்னும் இல்லீங்க'
என்றது பனிக்குள்ளிருந்து
டோலிக்காரன் ஒருவன் குரல்.