மயிரிழை

லாம்மெர்ட்டின் வண்டியை
லாம்மெர்ட் செத்த பிறகுதான் என்னால் தொட முடிந்தது.
அறுபத்தெட்டில் அதன் பின்சக்கரத்தைப்
பதினொரு சுற்று பார்த்துக்கொண்டே போனவன் நான்.
அன்றைக்கு வேறெதையும் பார்த்ததாக நினைவில்லை.

ஹில்லெகீன் விலை சொல்லவில்லை.
"ஓட வை, போதும்."
கோழிக்கூண்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் கிடந்தது
ஐம்பது சிசி.
புதைகுழி காய்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது;
அவள் முன்பக்கம் பிடிக்க, நான் பின்பக்கம்,
வேனில் ஏற்றினோம்.

ட்ரெந்தெயில் ஜனவரி.
கால்வாய் உறைந்துவிட்டது. சறுக்கிப் போகும் பிள்ளைகளின் சத்தம்
கொட்டகைத் தகரத்தை உரசிக்கொண்டு போகிறது.
சிலிண்டர் வரமாட்டேன் என்றது.
டீசல் ஊற்றி ஒன்பது நாள் விட்டேன்.
பத்தாம் நாள் மரச்சுத்தியால் செல்லமாக ஒரு தட்டு.

முதலில் வந்தது விளக்கெண்ணெய் வாசனை.
வயிறு கழுவ, மூக்கைப் பிடித்து அம்மா ஊற்றிய அதே எண்ணெயை
நாங்கள் பெட்ரோலில் கலந்து எரித்தோம்.
இந்த எழுபத்தொன்பது வயதுக் கால்கள்
தள்ளி ஓடத் தயாராகிவிட்டன, அசடுகள்.

ரிங் ஒட்டிப்போயிருந்தது.
ராடின் அடியில் ஊசி பேரிங்குகளில் இரண்டைக் காணோம்.
கிராங்க் கேஸைக் கவிழ்த்துத் தட்டினேன்.
செத்த ஈ ஒன்று விழுந்தது.

புது பிஸ்டன் சொல்ல வேண்டும். அளவெடுத்தேன்.
நாற்பத்திரண்டு.
கண்ணாடியைத் துடைத்தேன்.
மேலே, நடுவே, கீழே, குறுக்கே ஒருமுறை.
நாற்பத்திரண்டு.
நாற்பதாக இருக்க வேண்டிய வாய்.
தீப்பெட்டியின் முதுகில் பென்சிலால் பெருக்கிப் பார்த்தேன்:
ஐம்பத்தைந்து சிசி.

மயிரிழையில் தோற்றேன் என்று
கல்யாண வீட்டில், இழவு வீட்டில்,
பல் வைத்தியரிடம் வாயைப் பிளந்துகொண்டேகூடச்
சொல்லியிருக்கிறேன்.
அந்த மயிரின் பருமன் இரண்டு மில்லிமீட்டர்.

அடுப்பை அணைத்தேன். மறுபடி ஏற்றினேன்.
கேஸின் வாயில் அரம் ஓடிய தடங்கள், கைவேலை,
விளக்கெண்ணெய்ப் படலம் ஏறிப் பழுப்பாய்.
பந்தயத்துக்கு முந்தின ராத்திரி அராவியதா,
தேயத் தேயக் கால் மில்லி கால் மில்லியாய்
எட்டு முறை கடைந்ததில் இங்கே வந்து நின்றதா?
படலத்துக்கு வயது கேட்டால் சொல்லாது.
லாம்மெர்ட் சொல்லியிருப்பான், சிரித்துக்கொண்டே,
எது உண்மை என்று எனக்குத் தெரியாதபடி.

சரி, நானும் சொல்லிவிடுகிறேன்.
அன்றைக்கு என் டாங்கில்
மருந்துக்கடைக் குப்பி ஒன்று கலந்திருந்தது.
விதிப்புத்தகத்தில் இல்லாத சரக்கு.
எந்த கேஜும் காட்டாது. முதல் சுற்றிலிருந்தே
எரிந்து எரிந்து வானத்தோடு போனது.
அவனுடையது இரும்பில் இருந்ததால் இருக்கிறது.

காபியோடு வந்தாள் ஹில்லெகீன்.
சிலிண்டருக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்தாள்,
தொலைநோக்கியில் பார்ப்பதைப் போல.
"என்ன கோளாறு?"
"தேய்மானம்" என்றேன்.
"எவ்வளவு?"
"கொஞ்சம்."

ஸ்லீவ் இறக்கி நாற்பதாக்கலாம்.
அப்படி ஆக்கினால் அவன் நியாயமாய் ஜெயித்தவன்.
மூன்று நாள் ஸ்லீவைக் கையில் வைத்து உருட்டினேன்.
பிறகு க்ரோனிங்கனுக்கு போன் போட்டேன்.
"ஐம்பது சிசிக்கு நாற்பத்திரண்டா?" என்றான் கடைக்காரப் பையன்.
"ஆமாம்."
"தப்பாக அளந்திருப்பீர்கள், தாத்தா."
"தப்பாகவே அனுப்பு" என்றேன்.

மார்ச்சில், கால்வாய்க் கரைச் சாலை.
நாலு எட்டுத் தள்ளி, குறுக்கே விழுந்து உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டது.
பன்னிரண்டாயிரம் சுற்றில் ஒரு பெரிய கொசு.
வாத்துகள் ஒட்டுமொத்தமாகக் கிளம்பின.
நீலப் புகையில் ஒன்றும் தெரியவில்லை,
எனக்கு முன்னால் யாருமில்லை என்பதைத் தவிர.

திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினேன்.
காதிலிருந்து கையை எடுத்துவிட்டு ஹில்லெகீன் சொன்னாள்:
"லாம்மெர்ட் ஓட்டினால்
சத்தம் இன்னும் கொஞ்சம் மேலே போகும்."