மடியில் வந்தது

ஏற்காட்டில், ஏரிக்கு மேலே உள்ள நர்சரியில்
ஞானப்பூ சொன்ன விலை நூற்றிருபது.
பேரம் பேசாமல் வாங்கினேன்.
அதனாலோ என்னவோ
கொசுறாக இரண்டு யோசனை:
இலைமேல ஊத்தாதீங்க.
விரலை மண்ணுக்குள்ள விட்டுப் பாருங்க,
ஒட்டலைன்னா மட்டும் தண்ணி.

இருபது கொண்டை ஊசி வளைவும்
பெகோனியா என் மடியில் உட்கார்ந்து வந்தது.
திருப்பத்துக்குத் திருப்பம்
பக்கத்து சீட்டு அம்மாளின் தோளில் சாய்ந்து
மன்னிப்புக் கேட்காமல் நிமிர்ந்தது.
எனக்குக் காது அடைத்தது.
அடிவாரத்தில் பார்த்தால்
பாலிதீன் பைக்குள் அதற்கு வியர்த்திருந்தது.

அம்மாப்பேட்டை. மாடி அறை.
கீழே ஆறு விசைத்தறி.
மலையில் காற்றுக்கு ஆடிய இலை
இங்கே தறிக்கு ஆடுகிறது,
சன்னமாக,
பல் டாக்டரிடம் காத்திருப்பவரின் முழங்கால் போல.

மேற்கு ஜன்னலில் வைத்தேன், ஓரம் கருகியது.
குளியலறையில் வைத்தேன், கழுத்தை நீட்டியது.
பிரிட்ஜ்மேல் வைத்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது.
மூன்று நாளுக்கொருமுறை வரும் மேட்டூர்த் தண்ணீரை
சொம்பில் பிடித்து
இரவு முழுக்கத் திறந்து வைக்கிறேன்,
குளோரின் போகட்டுமென்று.
நான் குடிப்பதற்கு இப்படியெல்லாம் செய்ததில்லை.

ஐந்தாம் நாள் ஓர் இலை விழுந்தது.
ஆறாம் நாள் இரண்டு.

நாலு ரோட்டில், எக்ஸ்ரே அறையில் எனக்கு வேலை.
மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க.
தினம் நாற்பது பேரின் விலா எலும்பைப் பார்ப்பவளுக்கு
ஒரு சாண் தொட்டிக்குள்
வேர் பிடிக்கிறதா அழுகுகிறதா தெரியவில்லை.
தூக்கிப் பார்த்தேன், கனமாவது சொல்லுமென்று.
ஞானப்பூவுக்குப் போன் போட்டேன்.
"விழுந்தா விழட்டும்க்கா. தண்டு கெட்டியா இருக்கா?
அப்பச் சும்மா விடுங்க.
எடத்த மட்டும் மாத்திக்கிட்டே இருக்காதீங்க."

சும்மா விடுவதில்
இத்தனை வேலை இருக்குமென்று தெரியாது.
விரலை விடுகிறேன். ஒட்டுகிறது. எடுக்கிறேன்.
நகக்கண்ணில் சேர்வராயன் மண்ணோடு
கையுறை மாட்டுகிறேன்.

இன்று எனக்கு விடுப்பு. தறிக்கும்.
மாதாந்திரப் பராமரிப்பு, ஒன்பதிலிருந்து கரண்ட் இல்லை.
தெருவுக்கே காது அடைத்த மாதிரி.
வந்த நாளிலிருந்து முதன்முறையாக
இலைகள் ஆடாமல் நிற்க,
அப்போதுதான் கண்ணில் பட்டது:
கணுவில், சிவந்த ரோமம் மூடி மடிந்த ஒன்று
ஒரு பக்கம் பெரிதும் ஒரு பக்கம் சிறிதுமாக
கோணலாகத் திறந்துகொண்டிருக்கிறது.

விடலாம், என்றேன்
வேலைக் குரலிலேயே.

இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது.
அதுவும் ஆடத் தொடங்கியது.