அருவியின் கீழ்ப்பாதி

அருவியின் தலை ஓபர்ஷ்வெண்டி ஊராட்சியில்.
கால் எங்களிடம்.
நடுவே நாற்பத்தெட்டு மீட்டருக்கு
பெர்ன் மாநில வரைபடத்தில் ஒரு புள்ளிக்கோடு.

எங்கள் பரப்பு பதினொரு சதுர கிலோமீட்டர்,
அதில் ஏழு செங்குத்து.
குடிகள் இருநூற்றுப் பதின்மூன்று.
போன வாரம் போய்ச் சேர்ந்த லீனா ட்சும்ப்ருனை
இன்னும் கழிக்கவில்லை.
பசுக்களை எண்ணுவது வேறு அலுவலகம்.

செவ்வாய் இரவுக் கூட்டம்.
படம் எடுப்பது மேலே,
கழிப்பறை தேடுவது கீழே;
காகிதச் செலவு மட்டும் அறுநூறு பிராங்க்,
பாதியை அவர்கள் தரட்டும் என்றார்
தலைவர் ஹன்ஸ்யூர்க்.
'தண்ணீரே நாங்கள் தருவதுதானே'
என்றது மேலூர்க் கடிதம்.

குறிப்பெழுதுவது என் வேலை.
அந்தக் கழிப்பறையைக் கழுவுவதும்.
இரண்டுக்கும் ஒரே சம்பளச் சீட்டு,
கட்டம் சிறியதென்பதால்
அதில் நான் சிவபாதசு.

வழக்குப் போடலாமா? கைகளைத் தூக்கினார்கள்.
எட்டுக்கு எட்டு.
ஹன்ஸ்யூர்க் என்னையே பார்த்தார்.
குடியுரிமை வந்து நாலு மாதம்;
எண்ணுகிறவனும் ஒரு கை என்பது
அப்போதுதான் உறைத்தது.
பேனாவோடு தூக்கினேன்.

காலையில் வாளியோடு போனால்
அருவி பாதியில் உறைந்து நிற்கிறது.
கழிப்பறைக் குழாயும்.