ஒன்பதாம் பிரிவு

களுவாஞ்சிகுடிக் கோட்டடிக்கு எதிரே
என் கந்தோர் மேசையில்
குடைக்குள் சுருட்டி வந்த உறுதிகளை
விரித்தா பேரின்பம்.

மூத்தவளுக்கு வளவும் கல்வீடும்.
இளையவளுக்கு வெல்லாவெளி வயல்.
சீதனமாய் எல்லாம் போய்
மிஞ்சியது ஒரு வங்கிப் புத்தகமும்
வெளி வாங்கில்
கல்முனை பஸ்களை எண்ணும் மோகனதாசும்.
முப்பத்தொன்பது வயது.
பதினொன்றுக்கு மேல் தெரியாது;
பன்னிரண்டாவது பஸ் மறுபடி ஒன்று.

உங்களுக்குப் பிறகு காசு
ஆர் பொறுப்பில என்றேன்.
மூத்தவளை எழுதச் சொன்னா.
வெட்டச் சொன்னா.
இளையவளை எழுதுமுன்னே வெட்டினா.
மருமக்களைப் பற்றி நான் கேட்கவில்லை.

கன நேரத்துக்குப் பிறகு,
"சந்தையடித் தேத்தண்ணிக்கடை இஸ்மாலெவ்வை."
உறவா?
"மகனிட்ட ஒரு நாளும்
சில்லறை எண்ணிக் கேட்டதில்ல."

நம்பிக்கைப் பொறுப்பாளர் சம்மதிக்க வேணும்.
போன் எடுத்தேன்.
வருடக் கணக்கு, கையொப்பம்,
பெட்டைகள் வழக்கு வைக்கக்கூடும்,
ஒன்றும் மறைக்கவில்லை.
அந்தப் பக்கம்
கிளாஸ் கழுவும் சத்தம் நின்றது.

"அவருக்குச் சீனி குறைச்சுத்தான் குடுக்கிற.
அதையும் எழுதுங்க மிஸ்."

எட்டுப் பிரிவிலும்
சீனிக்கு இடமில்லை.
ஒன்பது என்று இலக்கமிட்டேன்.