அகற்றிய தேதி

என் கணுக்காலில் இரண்டு தழும்புகள்.
ஒன்று எஃகு உள்ளே போன வழி,
மற்றது அதே எஃகு வெளியே வந்த வழி.
எலும்பு கூடிய பின்னும் எழுந்து போகாத
ஆறு திருகாணிகளுக்காக
இரண்டாம் முறையும் மயக்க மருந்து.
கண் விழித்ததும் ஜெமோவித் கேட்டான், வலிக்கிறதா?
இல்லை, எரிச்சலாக வருகிறது என்றேன்.

இப்போது காதோவிட்ஸேயில், நான்காம் மாடியில்,
ஒரு தராசின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.
சம்பளம், குறைவதை எடை போடுவதற்கு.

விருந்தும் மருந்தும் மூன்று நாள்.
எலும்புக்கு அது காணாது. ஆறு மாதம் கேட்கும்,
சில தொடைகள் வருடம் கேட்கும்.
மக்னீசியம் கை நனைக்கும் முன்பே செருப்பை மாட்டிவிடும்,
போகிற போக்கில் தசைக்குள் குமிழி ஊதிவிட்டு.
இரும்போ
இலை எடுத்து, பாத்திரம் கழுவி, விளக்கணைத்த பிறகும்
பத்து வருடம் கூடத்தில் படுத்திருக்கும்.
துத்தநாகம் இரண்டுக்கும் நடுவில்.
புதிய ஆளும் இல்லை எங்களுக்கு:
இந்த ஊர்க் கூரைகளின் மழைக்குழாய்,
குழந்தையின் தொடையிடுக்கில் தடவும் வெள்ளைக் களிம்பு,
பூசணி விதையிலிருந்து
தினம் சில மில்லிகிராம் உடம்பே கேட்டு வாங்குவது.

வார்த்தபடியே வளைத்தால் பிஸ்கட் போல் உடையும்.
நூற்றில் ஒரு பங்குகூட வராத மக்னீசியம்,
ஒரு சிட்டிகை வெள்ளி.
உருக்கி, அமுக்கி, சிறு துளையில் பிதுக்கிய கம்பியை
டோப்ரோஹ்னா விரலில் சுற்றி மோதிரமாக்கிக் காட்டினாள்.
உடையவில்லை.
அன்று கேக் வாங்கினோம்.

பதினான்கு திருகாணிகளை இழுப்பறையில் வைத்தோம்.
கிறிஸ்துமஸ் வந்தது, தணிக்கை வந்தது,
வர வேண்டிய பணம் வரவில்லை.
செப்டம்பரில் திறந்தால் பளபளப்பு அப்படியே.
முதலாவதை முறுக்கினேன். டக்.
இரண்டாவது.
டக்.
ரத்தம் படாமல், உப்பு படாமல்,
எலும்பு என்றால் என்னவென்றே அறியாமல்
இழுப்பறைக்குள் மூத்துப்போயிருந்தன.
நானூற்று இருபதில் உருகிவிடுகிற ஒன்றுக்கு
அறைச் சூடே அடுப்படி.
நாம் நலம் என்று சொல்லிக்கொள்ளும் முப்பத்தேழு டிகிரி
அதற்குக் காய்ச்சல்.
சும்மா கிடப்பதாய் நாம் நினைக்கையில்
உள்ளே படிகம் படிகமாய் இடம் மாறிக்கொண்டிருக்கிறது.

டோப்ரோஹ்னா யாரையும் திட்டவில்லை.
இழுப்பறையில் ஒரு தாளை ஒட்டினாள்:
"இங்கே எதுவும் ஓய்வெடுப்பதில்லை."

விகிதத்தை மாற்றினோம். மறுபடி மாற்றினோம்.
இரண்டரை வருடம் கழித்து ஏழு முயல்கள்.
பெயர் வைக்கக் கூடாது என்பது விதி.
ஆனாலும் அலோயிஸ் ஐந்தாம் எண்ணை
"துறைத்தலைவர்" என்றுதான் கூப்பிடுவான்,
கூட்டத்தில் எப்போதும் தூங்குகிறதாம்.

பதினெட்டாம் மாதம் ஐந்தாம் எண்ணின் முறை.
அலோயிஸ் அன்று விடுப்பு. யாரும் கேட்கவில்லை.
மெல்லிய சீவலாய் அறுத்த தொடையெலும்பை
நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன்.
திருகாணி மெலிந்து, விளிம்பெல்லாம் வெள்ளைப் பொருக்காய்.
அது பின்வாங்கிய ஒவ்வொரு மயிரிழைக்கும்
எலும்பு ஒரு மயிரிழை முன்னேறி,
மரை இருந்த இடத்தில் தானே மரை போட்டிருந்தது.

மீதம் அறுபத்தொரு சதவீதம்.
நாங்கள் எதிர்பார்த்ததைவிட மெதுவாகத்தான்.

பதிவுத் தாள் மருத்துவமனையில் இரவல் வாங்கியது,
எஃகுத் திருகாணிகளுக்காக அச்சடித்தது.
பொருத்திய தேதி, பொருத்தியவர்,
அகற்றிய தேதி.
காலியாய் விட்டால் கணினி ஏற்காது.
கோடு போட்டாலும் ஏற்காது.

நம் ஊரார் யாரும் படியிறங்கும்போது
போகிறேன் என்று சொல்வதில்லை,
மறுபடி பார்ப்போம் என்பார்கள்.
அப்படிச் சொல்லத் தேவையில்லாத விருந்தாளிக்கு
எந்தத் தேதியை எழுத?

வெளியே மழை. கணுக்கால் லேசாய்க் குடைகிறது.
குழாயில் இறங்கும் தண்ணீர்
கூரையிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான் போகும்.
பேனாவை எடுத்து
கட்டத்துக்குள் அடங்காத எழுத்தில் எழுதினேன்:
போய்க்கொண்டிருக்கிறது.