மேல்புறத்தில் ஏறுகிறவள்

மேல்புறத்தில் நான் ஏறும்போது
மார்த்தாண்டத்திலிருந்தே உட்கார்ந்து வரும் வத்சலகுமாரி
பக்கத்து இருக்கையிலிருந்து பையை எடுத்து மடியில் வைப்பாள்.
இருபத்திரண்டு வருடமாக அதுதான் எங்கள் வணக்கம்.

என் ஜெபங்கள் சிறுத்துவிட்டன.
மலையே பெயர வேண்டுமென்று கேட்டவள்தான்.
இப்போது: பஸ் வரட்டும், ஆண்டவரே.
எட்டாம் வகுப்பு பெனிட்டோ இன்றைக்காவது
எதையாவது தின்றுவிட்டு வந்திருக்கட்டும்.
மாடிப்படியில் என் முட்டு மடங்கட்டும்.

போன மே மாதம் சபையாரோடு எருசலேம் போனேன்.
யோர்தானைப் பார்த்ததும் தோன்றியது,
எங்கள் கோதையாறு இதைவிட அகலம்.
ஆயரிடம் சொல்லவில்லை.
கல்லறை வாசலில் இரண்டு மணி நேர வரிசை.
முன்னால் நின்ற ஒருத்தியின் செருப்பு வார் அறுந்துபோக
என் சேலை ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன்.
என்ன பாஷையோ, கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.
உள்ளே போய் என்ன ஜெபித்தேன், நினைவில்லை.
ஊக்கு நினைவிருக்கிறது.

கொண்டுவந்த ஒரு பாட்டில் யோர்தான் தண்ணீரை
வத்சலா தன் வீட்டுத் துளசிக்கு ஊற்றினாள்.
“அதுக்கும் ஞானஸ்நானம் ஆயாச்சு டீச்சர்” என்றாள்.
அருமனை வரை சிரித்தோம்.

பென்ஷன் தாளில் ரோஸ்லெட் என்பதை
ரோஸ்மேட் என்று அடித்திருக்கிறார்கள்.
பரலோகத்தில் திருத்திக்கொள்வார்கள்;
சென்னையில் திருத்த மனு எழுத வேண்டும்.
எழுதாமல் பையிலேயே வைத்திருக்கிறேன்.
ஏன் என்று தெரியவில்லை.

இந்த மேயோடு எனக்கு முடிகிறது.
அவளுக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி.
நேற்று பாலம் தாண்டும்போது கேட்டேன்,
ஜூனில் இந்த இடத்தில் யார் உட்காருவார்?
ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.
ரப்பர் மரங்களில் மழைநீர் நிறைந்த சிரட்டைகள்.
பிறகு சொன்னாள்:
“நமக்குத்தான் டிக்கெட் கிடையாதே.
பைக்கு ஒண்ணு எடுத்துக்கிடுதேன்.”