நான்கெல்லை

நீடாமங்கலம் பத்திர ஆபீசுக்கு எதிரே
இருபத்தாறு வருசமாக எழுதுகிறேன்:
நஞ்சை, புஞ்சை, மனை, கொல்லை.
திடலை மட்டும் தனியாக வாங்க
இதுவரை யாரும் வந்ததில்லை.

அறுபத்திரண்டு சென்ட்.
மேற்கே வாய்க்கால்.
வடக்கே திருமேனியின் செங்கல் சூளை.
கிழக்கே குறுவை நட்ட வயல்.
தெற்கே
"எங்க தெரு" என்றாள் உலகாம்பாள்.
மூலப் பத்திரத்தில் அதற்கு வேறு பெயர் இருந்தது.
நான் தெரு என்றே எழுதினேன்.

பணம் பதினோரு பேருடையது.
நூறு நாள் வேலைக் கூலி,
விற்ற ஒரு கறவை,
திருப்பூரிலிருந்து ஒரு பையன் அனுப்பியது.
குறைந்ததற்கு ஒரு டாக்டர்;
பெயர் போடவேண்டாமாம்.

"அதுல என்ன போடப்போறீங்க?"
"ஒண்ணும் போடல.
ஏற்கனவே போட்டிருக்கு."

போன மாசியில் பொக்லைன் வாளி
ஒரு தாழியை இடுப்போடு அள்ளியது.
உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு.
லாரிக்காரன் ஒரு சில்லை எடுத்துப்போனான்.
மறுநாள் கொண்டுவந்து
அதே குழியில் வைத்தான்.
காரணம் சொல்லவில்லை.

சில்லில் மூன்று கோடு, ஓர் ஏணி,
பக்கத்தில் மீனோ இலையோ.
படித்தவர்கள் வந்து படம் எடுத்தார்கள்.
படிக்க முடியவில்லை என்றார்கள்.

வழக்கமான வரிக்கு வந்தேன்:
மேற்படி நிலமும் அதிலடங்கிய
நிதி நிட்சேப ஜல தரு பாஷாணங்களும்
சகல பாத்தியங்களும் தங்களையே சேர்ந்தது.

"நிட்சேபம்னா?"
புதைத்து வைத்தது.
"அது எங்களுக்கு வேணாம்.
வச்சவங்களுக்கே இருக்கட்டும், அடிச்சிடுங்க."

அந்த வரியை அடித்த பத்திரம்
நான் பார்த்ததில்லை.
சார்பதிவாளர் கண்ணாடியை ஏற்றினார்.
வாங்குபவரே உரிமையைக் குறைத்துக்கொண்டால்
தடை ஏதும் உண்டா என்று தேடினார்.
இருந்ததாகத் தெரியவில்லை.

திருமேனி கையெழுத்துப் போட்டான்.
இன்னும் பத்தடி மண் பாக்கி என்பது
அவன் முகத்தில் தெரிந்தது.

நாலு பேர் கைநாட்டு.
நாற்றுப் பறித்துப் பறித்து ரேகை தேய்ந்த விரல்கள்.
மீண்டும் வைக்கவும், என்றது இயந்திரம்.
மீண்டும் வைக்கவும்.
குஞ்சம்மாள் முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்தாள்.
கடைசியில் பீரோவுக்குப் பின்னாலிருந்து
காய்ந்த மைப்பெட்டியை எடுத்தார்கள்,
ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு.

ஓரத்தில் எழுதினேன்:
இது குஞ்சம்மாளின்
இடது கைப் பெருவிரல் ரேகை.

அந்த ஏணிக்குப் பக்கத்தில்
இது இன்னார் கீறியது என்று எழுத
என்னைப் போல் ஒருத்தன்
இல்லாமல் போய்விட்டான்.